வின்லேண்ட் சாகாவில் இவ்வளவு ரத்தம் தேவைதானா? ரசிகர்கள் மனசு விட்டுச் சொல்லுங்க

நொய்யல்கரை (கோவை) எழுதியது:

வணக்கமுங்க. இரண்டு சீசனையும் முடிக்காதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்க, கதையை முழுசாகப் போட்டு உடைத்துத்தான் பேசப்போகிறேன்.

சரவணம்பட்டியில் என்னோடு அறையில் இருக்கிற இரண்டு பேரை, வைக்கிங் கடல்கொள்ளையர்களைப் பற்றிய ஜப்பான் அனிமே (கார்ட்டூன் தொடர்) வின்லேண்ட் சாகாவைப் பார்க்க வைத்தேன். இரண்டு பேருமே பாதியில் விட்டுவிட்டார்கள், காரணம் மட்டும் வேறு வேறு. ஒருத்தனுக்கு முதல் சீசனிலேயே குமட்டிவிட்டது, "இதையெல்லாம் எப்படிடா ரசிச்சுப் பாக்கறே" என்று கேட்டான். இன்னொருத்தன் முதல் சீசனை விடிய விடியப் பார்த்தவன், இரண்டாவது சீசனில் கொஞ்ச தூரம் போனதும் "என்னடா இது, வயலும் வாழ்வும் ஓடுது" என்று எழுந்து போய்விட்டான். இரண்டு பேருக்கும் உருப்படியாக ஒரு பதில் சொல்ல எனக்கு வரவில்லை. அதுதான் உறுத்துகிறது.

மகோட்டோ யுகிமுரா 2005-ல் தொடங்கி 2025-ல் முடித்த மாங்கா (ஜப்பானியப் படக்கதை) இது. 2019-ல் விட் ஸ்டுடியோ 24 எபிசோடு எடுத்தது, 2023-ல் மாப்பா இன்னொரு 24. ஸ்டுடியோ மாறினாலும் இயக்குநர் ஷுஹெய் யாபுடாதான். அதனால் இரண்டாவது சீசனில் கை மாறிக் கதை கெட்டுவிட்டது என்று சொல்ல வழியே இல்லை, திட்டம் போட்டேதான் அப்படி எடுத்திருக்கிறார்கள். முதல் சீசனின் கடைசி எபிசோடுக்கு அவர்கள் வைத்த பெயரே முன்னுரை முடிந்தது என்பதுதான். 24 எபிசோடு வெட்டும் குத்தும் காட்டிவிட்டு, இதுவரை பார்த்தது முன்னுரை என்கிறார்கள்.

என் சிக்கல் இதுதான். 14-வது எபிசோடில் அஸ்கெலாட் என்கிற தலைவனின் கூலிப்படைக் கூட்டம் பனிக்காலத்தில் சாப்பாட்டுக்காக ஒரு இங்கிலாந்து கிராமத்தையே அழிக்கிறது. அதை ஆன் என்கிற சிறுமியின் பக்கம் நின்று சொல்கிறார்கள். வீட்டுக்குத் தெரியாமல் ஒளித்து வைத்திருக்கும் மோதிரத்தைப் பார்க்க வெளியே போனதால் அவள் மட்டும் தப்பிக்கிறாள். அந்த எபிசோடுக்கு அப்புறம் எனக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை. ஆனால் அதே சீசனில் லண்டன் பாலத்தில் தோர்கெல் என்கிற ராட்சத வீரன் ஈட்டி எறியும்போது ஆட்கள் தெறித்து விழுகிறார்கள், நான் விசில் அடிக்காத குறை. அங்கே செத்தவனுக்கும் ஆத்தாளும் பிள்ளையும் இருந்திருக்கும்தானே. ஒரே கதை ஒரு இடத்தில் கொலையைக் கொண்டாட வைக்கிறது, இன்னொரு இடத்தில் அழ வைக்கிறது. இது நேர்மையான கதையா, இல்லை இரண்டு பக்கமும் காசு பார்க்கிற கதையா? பிடித்த ஒன்றை எடை போடும்போது நீங்கள் எதை வைத்துப் போடுகிறீர்கள்?

---

ஊத்துக்குளி வெண்ணெய் (திருப்பூர்) எழுதியது:

நல்ல கேள்வி தம்பி. நான் இந்த மாதிரிக் கதைகளை ரொம்ப காலமாகப் பார்க்கிறவன், எனக்கென்று ஒரு அளவுகோல் உண்டு. ஒருத்தன் செத்த பிறகு கதை அவனை எவ்வளவு நேரம் ஞாபகம் வைத்திருக்கிறது என்று பார்ப்பேன். ரத்தம் எத்தனை லிட்டர் என்பது எனக்கு ஒரு கணக்கே கிடையாது.

உதாரணத்துக்கு எல்ஃபன் லீட் என்கிற அனிமேயை எடுத்துக்கோங்க. 2004-ல் வந்தது, 13 எபிசோடு. தொடக்கத்திலேயே நாயகி லூசி தன்னை அடைத்து வைத்த ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து வெளியே வரும்போது காவலர்களைக் கிழித்துப் போடுகிறாள். நடுவில் ஒரு செயலாளர் பெண் வருவாள், கையில் காபி, தடுக்கி விழுகிற வெகுளி. நமக்கு அவளைப் பிடிக்கட்டும் என்றே அந்த நேரத்தைக் கொடுத்து, அடுத்த நிமிடம் தலையை எடுத்துவிடுகிறார்கள். அதற்கப்புறம் அந்தப் பெண்ணுக்காகக் கதை நின்று ஒரு மூச்சு விடுகிறதா? இல்லை. நம்மை அதிர வைப்பதற்காக மட்டுமே அவளை உண்டாக்கியிருக்கிறார்கள். அந்தத் தொடரில் எனக்குப் பிடித்த இடங்கள் உண்டு, அந்த லத்தீன் பாட்டு இன்னும் காதில் நிற்கிறது. ஆனால் அந்தச் சாவு மலிவான சாவு, அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

பெர்செர்க் வேறு. கென்டாரோ மியூரா 1989-லிருந்து 2021-ல் இறக்கும் வரை வரைந்த மாங்கா, இப்போது அவருடைய நண்பர் கோஜி மோரியின் மேற்பார்வையில் தொடர்கிறது. 1997-ல் வந்த 25 எபிசோடு அனிமே, கதாநாயகன் கட்ஸின் கூட்டமே பலியாகிற கிரகணக் காட்சியில் போய் அறுந்து நிற்கும், அந்தக் கூட்டத்தின் பெண் தளபதி காஸ்காவுக்கு நடக்கும் கொடுமையைக் காட்டிவிட்டு முடிந்துவிடும். அதை மட்டும் பார்த்தவர்கள் "இது என்ன வக்கிரம்" என்று கேட்டால் நான் சண்டைக்குப் போக மாட்டேன், அவர்கள் பார்த்தது அவ்வளவுதான். மாங்காவில் அதற்குப் பிறகு வருகிற நீண்ட பகுதிதான் அந்தக் காட்சிக்குக் கணக்குத் தீர்க்கிறது. மனசு சிதறிப்போன காஸ்காவைக் கூட்டிக்கொண்டு கட்ஸ் நடக்கிறான், சில சமயம் அவனே அவளுக்கு ஆபத்தாகவும் ஆகிவிடுகிறான். நடந்த கொடுமையைக் கதை ஒரு நாளும் மறப்பதில்லை.

இந்தக் கணக்கில் வின்லேண்ட் சாகா தேறும். இரண்டாவது சீசனின் 9-வது எபிசோடு ஞாபகம் இருக்கிறதா? முதல் சீசனில் அஸ்கெலாட்டின் கூட்டத்தில் இருந்த கதாநாயகன் தோர்ஃபின் கனவில் கீழே விழுகிறான், முடிவே இல்லாமல் வெட்டிக்கொண்டிருக்கும் பிணங்களின் நடுவில் அஸ்கெலாட்டைப் பார்க்கிறான், அவன் கொன்றவர்கள் எல்லாம் அவன் காலைப் பிடித்துத் தொங்குகிறார்கள். அவர்களைத் தூக்கிக்கொண்டே மேலே ஏறு என்கிறான் அஸ்கெலாட். முதல் சீசனில் பெயர் தெரியாமல் செத்தவர்களுக்காக அடுத்த சீசன் ஒதுக்கிய இடம் அது. நீங்கள் விசில் அடித்த சாவுகளும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறது தம்பி. தோர்கெல் மட்டும்தான் கடைசி வரைக்கும் ஒன்றுக்கும் பதில் சொல்லாமல் சிரித்துக்கொண்டே போகிறான், அங்கே உங்கள் சந்தேகம் நியாயம்.

---

மேட்டுக்காடு (காங்கேயம்) எழுதியது:

வயலும் வாழ்வும் என்று சொன்ன உங்கள் நண்பரை ஒரு வாரம் எங்கள் தோட்டத்துக்கு அனுப்பி வையுங்க.

அந்த மரக்கட்டை பிடுங்கும் இடத்தைச் சொல்கிறேன். இரண்டாவது சீசனில் கெட்டிலின் பண்ணையில் அடிமைகளான தோர்ஃபினுக்கும் ஐனாருக்கும் கொடுக்கிற வேலை, காட்டை வெட்டிக் கோதுமைக் காடாக்குவது. மரத்தைச் சாய்ப்பது சுலபம், அடிக்கட்டையை எடுப்பதில்தான் உயிர் போகும். சுற்றிப் பள்ளம் பறித்து, பக்கவேரை ஒவ்வொன்றாக வெட்டி, ஆணிவேர் ஆடுகிற வரைக்கும் விடாமல் நெம்ப வேண்டும். எங்கள் மேட்டாங்காட்டில் சீமைக்கருவேலம் எடுக்கும்போது கடப்பாரை பிடித்த கையில் தோல் உரிந்து போகும், ஜேசிபி வந்த பிறகுதான் அந்தப் பாடு குறைந்தது. கதையில் அவர்களுக்குக் குதிரையும் கிடைக்காது. கிழவர் ஸ்வெர்கெல் தன் வேலையைச் செய்து கொடுத்தால் குதிரை தருகிறேன் என்பார், அப்புறம்தான் வேலை நகரும். இதையெல்லாம் அவசரப்படாமல் காட்டியிருக்கிறார்கள், அதற்காகவே எனக்கு அந்த சீசனைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

முதல் சீசனில் ஒரு ஊர் எரிய அரை எபிசோடு போதும். இரண்டாவதில் ஒரு துண்டுக் காடு திருந்தி நாற்று தலை காட்டவே எத்தனையோ எபிசோடு ஆகிறது. அந்த நாற்றைப் பொறாமை பிடித்த பண்ணை ஆட்கள் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போகிறார்கள் பாருங்க, அதைப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது. முதல் சீசனில் எத்தனையோ தலை உருண்டது, எதற்கும் எனக்கு அப்படி ஆனதில்லை. முளைத்த பயிரில் கை வைக்கிறவனை எங்கள் பக்கம் மனுசனாகவே மதிக்க மாட்டார்கள். அங்கே ஒரு சொட்டு ரத்தம் இல்லை, ஆனால் இந்தக் கதையிலேயே பெரிய வன்முறை எது என்று கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன். அதைச் சொல்ல வேண்டுமானால் முதலில் அந்த மெதுவான வேலையைக் காட்டித்தானே ஆக வேண்டும்? நேரத்தைச் செலவழிக்காமல் இழப்பை எப்படிக் காட்டுவது?

இன்னொன்று. அந்த சீசன் தோர்ஃபினோடு தொடங்குவதே இல்லை. ஐனாரின் ஊர் சூறையாடப்பட்டு, சொந்தபந்தம் எல்லாம் போய், அவன் சந்தையில் விற்கப்படுவதில் தொடங்குகிறது. போன சீசனில் நாம் எந்த மாதிரிக் கூட்டத்தின் பின்னால் ஊர் ஊராகப் போனோமோ, அந்த மாதிரி ஒரு கூட்டத்தால் அழிந்தவன் அவன். இரண்டு பக்கமும் காசு பார்க்கிற கதை இதைச் செய்யாதுங்க.

---

பவானிக்கூடல் (ஈரோடு) எழுதியது:

அண்ணன்மார் யாரும் கெட்டில் பண்ணையின் அடிமைப் பெண் ஆர்ன்ஹெய்ட் பெயரை எடுக்கவில்லை, அதனால் நான் எடுக்கிறேன்.

எனக்கும் இந்தத் தொடர் உயிர்தான். ஆனால் ரசிகையாக இருப்பதால் கேட்காமல் விட முடியாது. கெட்டில் அவளை விலைக்கு வாங்கியவன், படுக்கைக்கும் அவளைத்தான் வைத்துக்கொள்கிறான், அவள் மறுக்க முடியாத இடத்தில் இருக்கிறாள். அவளுடைய பழைய கணவன் கார்டார் தப்பித்து வருகிறான், அவனோடு போகப் பார்க்கிறாள், அவன் சாகிறான். அப்புறம் கெட்டில் அவளைக் கம்பால் அடிக்கிறான். வயிற்றில் அவனுடைய பிள்ளையே இருக்கும்போது. அடித்தே கொல்கிறான். அந்தக் காட்சியை நான் கண் கொண்டு பார்க்க முடியாமல் சத்தத்தைக் குறைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வன்முறை தேவையா என்று கேட்டால், தேவை என்றுதான் சொல்வேன். காரணம் கெட்டில். அதுவரைக்கும் அவன் நல்ல மனுசன். கோபமே வராது, அடிமைக்கும் கூலி கணக்கு வைப்பான், கதை அவனைப் பார்த்து நம்மைப் பெருமூச்சு விட வைக்கும். "தங்கமான மனுசன்" என்று ஊரே சத்தியம் செய்கிற ஆட்களை எனக்குத் தெரியும். வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பெண்டாட்டியின் மண்டையை உடைத்தவர்கள், மறுநாள் காலையில் பேக்கரியில் டீ குடித்துக்கொண்டு வெள்ளைச் சட்டையில் நிற்பார்கள். வாள் வைத்திருப்பவனிடம் நாம் கவனமாக இருப்போம், இவர்களிடம் எப்படி இருப்பது? அதை ஒரு வைக்கிங் கதை இவ்வளவு சரியாகப் பிடித்ததில் எனக்கு ஆச்சரியம்தான்.

ஆனால் கதை வழுக்குகிற இடம் அதற்கு அப்புறம். சாகக் கிடப்பவளிடம் தோர்ஃபின் கடலுக்கு அந்தப் பக்கம் போரும் அடிமைத்தனமும் இல்லாத ஒரு மண் இருக்கிறது, அங்கே போகலாம் என்று சொல்கிறான். அவள் செத்துவிடுகிறாள், அந்தக் கனவு தோர்ஃபின், ஐனார் என்கிற அந்த இரண்டு ஆண்களுக்கும் வாழ்நாள் வேலையாகிவிடுகிறது. ஊத்துக்குளி அண்ணா, உங்கள் அளவுகோலில் அவளைக் கதை மறக்கவில்லைதான். ஆனால் யாருக்காக ஞாபகம் வைத்திருக்கிறது? அவள் இன்னொருத்தன் பயணத்துக்குக் காரணமாகிப் போகிறாள். அவளுக்கு ஒரு எபிசோடு, அவள் கண்ணால் அந்தப் பண்ணையைக் காட்டி, அவள் செத்துப்போன மகனைப் பற்றி அவள் மட்டுமே நினைப்பதைக் காட்டியிருந்தால் நான் முழு மதிப்பெண் போட்டிருப்பேன். ஐனாருக்கு முதல் எபிசோடு முழுசாகக் கொடுத்தவர்களுக்கு அது தெரியாததில்லை.

காஸ்காவுக்கும் இதே வழக்குதான். கிரகணத்துக்கு முன் படைத்தளபதி, அதற்குப் பின் எத்தனை வருசம் மாங்காவில் ஒரு வார்த்தை பேசாமல் கிடந்தாள்? கட்ஸின் வலியை நாம் அளந்தோம், அவள் வலியை அளக்க அவளே அங்கே இல்லை.

---

ஊத்துக்குளி வெண்ணெய் (திருப்பூர்) எழுதியது:

பவானி அம்மணி, காஸ்கா பற்றி நீங்கள் சொன்னதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. மியூரா கடைசியில் அவள் மனசுக்குள்ளேயே போய் ஒரு பகுதி வரைந்தார், அவள் தெளிந்தும் வந்தாள். ஆனால் அது வர ரொம்ப தாமதம். ஆர்ன்ஹெய்ட்டைப் பொறுத்தவரை ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். அவள் அடிபடுவதைக் கேமரா எங்கேயும் ரசிக்கவில்லை, உடம்பைக் காட்டவில்லை. எல்ஃபன் லீட் லூசியை எப்படிக் காட்டியது என்று பார்த்தவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

---

அமராவதித் தண்ணி (தாராபுரம்) எழுதியது:

மேட்டுக்காடு அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் யோசித்துத்தான் எழுதுகிறேன், கோபம் ஒன்றும் இல்லை.

மரக்கட்டை பிடுங்குவது அழகாக இருக்கிறது என்றீர்கள், இருக்கிறது. ஆனால் அது அடுத்தவன் நிலம். எங்கள் அப்பாரு இந்தப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பண்ணையாளாக இருந்தவர். கல்யாணச் செலவுக்கு முன்பணம் வாங்கினார், அது தீரவே இல்லை. வருசக் கணக்குப் பார்க்கும்போது கடன் போன வருசத்தை விடக் கூடியிருக்கும், எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு நோட்டில் என்ன இருந்தது என்று யார் சொல்வது? படுக்கை கட்டுத்தரையில், மாட்டுக்குப் பக்கத்தில். 1976-ல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்த பிறகும் அவர் வெளியே வந்தது சட்டத்தால் இல்லை, எங்கள் பெரியப்பா திருப்பூருக்குப் போய் பனியன் கம்பெனியில் சம்பாதித்து அடைத்துத்தான். அந்தத் தோட்டக்காரரைப் பற்றி அப்பாரு ஒரு நாளும் கெட்ட வார்த்தை பேசியதில்லை. "நல்லவருதான், அடிக்க மாட்டாரு" என்பார். அடிக்காததே நல்ல குணம் என்று ஆகிப்போன வாழ்க்கை அது.

அதனால் கெட்டிலை எனக்கு முதல் எபிசோடிலேயே புரிந்துவிட்டது. கோதுமை விளைவி, நான் வாங்கிக்கொள்கிறேன், அந்தக் காசில் உன்னையே நீ மீட்டுக்கொள் என்கிறான். கேட்கும்போது தர்மம் மாதிரி இருக்கிறது. விலை போட்டவன் அவன், கணக்கு வைப்பவன் அவன், மனசு மாறினால் கேட்க ஆள் இல்லை. பசிக்குத் திருடிய சின்னப் பையனை, மகனும் மற்றவர்களும் பார்க்கிறார்கள் என்பதற்காக அதே கெட்டில் அடிக்கிறான், வருத்தப்பட்டுக்கொண்டே அடிக்கிறான். ஆர்ன்ஹெய்ட்டை அடித்த கம்பு அங்கேயே எடுத்தாயிற்று. பவானி அக்கா, அதுவரைக்கும் நல்ல மனுசன் என்றீர்கள். என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை.

கேள்வி கேட்ட நண்பருக்கு என் பதில்: இந்தத் தொடரை நான் மதிப்பது, ரத்தம் வருவதற்கு முன்னாடியே வன்முறையைக் காட்டத் தெரிந்ததால். கன்யூட் அரசன் படையோடு வந்து பண்ணையைப் பிடுங்கப் பார்க்கிறான், இங்கிலாந்தில் இருக்கிற படைக்குத் தீனி போட அவனுக்குக் காசு வேண்டும். கெட்டிலுக்கு அது அநியாயமாகப் படுகிறது. மனுசனையே விலைக்கு வாங்கியவனுக்குத் தன் மண் போகும்போது மட்டும் உறைக்கிறது. வாளைத் தூக்காத நேரத்தில் இதைச் சொன்னார்கள், அது போதும் எனக்கு.

குறை என்றால் அந்த முடிவு. தோர்ஃபின் நூறு குத்து வாங்குகிறான், தனக்கு எதிரி யாரும் இல்லை என்கிறான், அப்புறம் பேசுகிறான், கன்யூட் சிரித்துவிட்டுக் கப்பலைத் திருப்பிக்கொண்டு போகிறான். குத்து வாங்குகிற இடம் உடம்பெல்லாம் சிலிர்க்கும், அதை யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் நிஜ கன்யூட் 1016-ல் இங்கிலாந்தைப் பிடித்து, 1018-ல் அண்ணனுக்குப் பின் டென்மார்க்குக்கும் அரசனானவன், அப்படி ஒருத்தன் ஒரு பேச்சுக்கு இறங்கி வருவதை நான் நம்பவில்லை. அவனுக்கு அதில் ஒரு லாபமும் இருக்கிறது என்று கொஞ்சமாவது காட்டியிருக்கலாம்.

---

மேட்டுக்காடு (காங்கேயம்) எழுதியது:

தம்பி, அப்பாரு பற்றி எழுதியதற்கு நன்றி. எங்கள் தோட்டத்திலும் ஒரு காலத்தில் பண்ணையாள் இருந்திருக்கிறார்கள், அந்த நோட்டை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். பயிர் பற்றி நான் எழுதியது அப்படியே நிற்கட்டும், அதோடு நீங்கள் எழுதியதையும் வைத்துப் படிக்கச் சொல்கிறேன் மற்றவர்களை.

கன்யூட் விஷயத்தில் மட்டும் உடன்பாடு இல்லை. அந்தப் பேச்சுக்கு முன்னாலேயே கெட்டிலின் சின்ன மகன் ஓல்மார் பண்ணையை ஒப்படைக்கிறேன் என்று சொல்லிவிடுகிறான். சண்டை அங்கேயே முடிந்தது. ஜெயித்தவன் பெருந்தன்மை காட்டுவது அவ்வளவு நம்ப முடியாததா என்ன?

---

கோபி டீச்சர் எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கணும். என் வகுப்பில் ஆறாம் வகுப்புப் பையன்கள், அட்டாக் ஆன் டைட்டன் அனிமேயில் வருகிற டைட்டன் என்கிற ராட்சதன் மனுசனைத் தின்பதை இடைவேளையில் நடித்துக் காட்டுகிறார்கள், எல்லாம் வீட்டுச் செல்போனில் பார்த்தது. நீங்கள் எல்லோரும் பேசுகிற நிதானம் அந்த வயதில் வராது, சண்டை மட்டும்தான் நிற்கும். வின்லேண்ட் சாகாவை என் மகனோடு சேர்ந்து உட்கார்ந்து பார்த்தேன், அவன் பத்தாவது முடித்த பிறகு. தோர்ஃபினின் அப்பா தோர்ஸ் அம்பு பட்டு நின்றுகொண்டே சாகிற எபிசோடில் அவன்தான் ரிமோட்டை எடுத்து நிறுத்தினான். ஏன் அவர் திருப்பி அடிக்கவில்லை என்று அவன் கேட்டான், அதைப் பேசி முடிக்க ராத்திரி வெகு நேரம் ஆனது. பெற்றோர் யாராவது இதைப் படித்தால், முதல் சீசனை மட்டும் பார்க்க விட்டுவிட்டு எழுந்து போகாதீங்க. இரண்டாவதையும் சேர்த்துக் காட்டுவதாக இருந்தால் காட்டுங்க, இல்லையென்றால் இன்னும் இரண்டு வருசம் பொறுங்க.

---

நொய்யல்கரை (கோவை) எழுதியது:

எல்லோருக்கும் நன்றிங்க. என் தீர்ப்பு இப்போதைக்கு இதுதான்: லண்டன் பாலம் எனக்கு இன்னும் பிடிக்கிறது, ஆனால் தோர்கெல் வருகிற இடங்களில் கதை தன் கண்டிப்பைத் தளர்த்திக்கொள்கிறது, அது ஒரு குறை. ஆர்ன்ஹெய்ட்டுக்கு ஒரு எபிசோடு கடன் இருக்கிறது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். இதையெல்லாம் தாண்டி நான் பார்த்ததில் இதுதான் முதல் இடம். பாதியில் எழுந்து போனவனுக்கு அமராவதி அண்ணா எழுதியதை அனுப்பிவிட்டேன், வெள்ளிக்கிழமை மறுபடி உட்காரலாம் என்கிறான்.

ஊத்துக்குளி அண்ணா, பெர்செர்க் எங்கே ஆரம்பிப்பது?

---

ஊத்துக்குளி வெண்ணெய் (திருப்பூர்) எழுதியது:

மாங்காவிலிருந்தே ஆரம்பிங்க தம்பி. முதல் மூன்று புத்தகம் கரடுமுரடாக இருக்கும், விட்டுவிடாதீங்க, அதற்கு அப்புறம் கட்ஸின் சிறு வயதுக் கதை வந்ததும் பிடித்துக்கொள்ளும். அது முடிந்ததும் 1997 அனிமே பாருங்க, சுசுமு ஹிராசாவாவின் இசைக்காகவாவது. 2016-ல் கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸில் வந்ததைத் தொட வேண்டாம். காஸ்கா பகுதிக்கு வந்ததும் பவானி அம்மணி எழுதியதை மறுபடி ஒரு தடவை படித்துவிட்டு, உங்களுக்கு என்ன பட்டது என்று இங்கேயே எழுதுங்க.